ஸ்டெர்யோஸின் கண்கள்

தெஸ்ஸலோனிக்கி
1983 நவம்பர் 6, ஞாயிறு, காலை 11.40

அன்புள்ள எவாந்தியா அக்காவுக்கு,

உன் கடிதம் வியாழனன்று வந்தது. இதுவரை மூன்று முறை படித்துவிட்டேன். உன் மாமியாரின் முட்டி வலிக்கு எட்டு வரி, கழுதைக்கு ஆறு வரி, இரண்டு மாதக் குழந்தையின் கண்ணுக்கு இரண்டே வரி. ‘பயலின் கண்ணில் நிறமே இல்லை, முழுக்கக் கருப்பு. வெளிச்சம் பட்டால் அழுகிறான்.’ அவ்வளவுதானா? நான் நலம். நீங்களும் நலம் என்று நம்பித்தான் உறையைப் பிரித்தேன்.

நான் லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு கட்டடத்தில், ஐந்தாம் மாடியில், வலாவானிஸ் என்று ஒரு கண் டாக்டர் இருக்கிறார். மாடிப்படியில் அவரை மறித்துக் கேட்டேன். கண்மணியைச் சுற்றி ஒரு நிற வளையம் இருக்கிறதல்லவா, நமக்குப் பழுப்பு, அத்தானுக்குப் பச்சை கலந்த பழுப்பு? சில குழந்தைகள் அது இல்லாமலே பிறக்கின்றன. அந்த வளையம்தான் வெளிச்சத்துக்குக் கதவு. கதவில்லாததால் உன் மகனுக்குக் கூசுகிறது.

இனிமேல்தான் முக்கியமானது. கவனித்துப் படி. இந்தக் கண் குடும்பத்தில் வழிவழியாக வந்ததென்றால் பெரும்பாலும் கண்ணோடு நின்றுவிடும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் இவனுக்குப் புதிதாக வந்ததென்றால், கருவிலேயே வேறு சிலதும் கூடவே விட்டுப்போயிருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்குக் கிட்னியில் கட்டி வருகிறது. அதனால் ஏழெட்டு வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

நான்கு கேள்விகள். இரண்டு கண்ணிலும் அப்படியா? பார்வை ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிறதா? இரு பக்கக் குடும்பத்திலும் வேறு யாருக்காவது இந்தக் கண் உண்டா? கண்ணைத் தவிர உடம்பில் வேறு எங்காவது வித்தியாசம் உண்டா?

பதிலைத் தபாலில் எழுது. காபிக்கடை போனில் வேண்டாம். அங்கே மீட்டர் ஓடுவதைவிட ஊர்க்காரர்கள் காது கொடுப்பதுதான் வேகமாக நடக்கும்.

அத்தானுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.
பெரிக்லிஸ்

*

கஸ்தானியா
நவம்பர் 20

என் தம்பி பெரிக்லிஸுக்கு,

கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இரு, வேளைக்குச் சாப்பிடு. உன் கடிதத்தை வழக்கம்போலச் சாப்பாட்டு மேசையில் உன் அத்தான் லாம்ப்ரோஸ் எல்லோருக்கும் வாசித்தார். கழுதையைப் பற்றிய இடத்தில் சிரித்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

இரண்டு கண்ணும் அப்படித்தான். ஆடுகிறது, காற்றில் தீபம் ஆடுகிற மாதிரி மெல்ல.

மூன்றாவது கேள்விக்கு நல்ல சேதி. செப்டம்பரில் கீழே நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இதையேதான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மாமியார் முந்திக்கொண்டார். “இது எங்க வீட்டுக்காரர் கண்ணு டாக்டர். அவரும் இப்படித்தான், வெயில்ல தலையே தூக்க மாட்டார். சாகற வரைக்கும் கறுப்புக் கண்ணாடி.” டாக்டர் ‘பரம்பரை’ என்று எழுதி எங்களை அனுப்பிவிட்டார்.

தம்பி, அந்த ஒரு வார்த்தை எனக்கு என்ன செய்தது என்று உனக்குப் புரியாது. இங்கே குழந்தை பார்க்க வருகிறவர்கள், மூக்கு இன்னாருடையது, தாடை இன்னாருடையது என்று ஒவ்வொன்றையும் யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இவனுடைய மூக்கைக் கொடுத்தார்கள், காதைக் கொடுத்தார்கள். கண்ணை மட்டும் ஒருவரும் யாருக்கும் கொடுக்கவில்லை. குழந்தையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். மாமியார் அப்படிச் சொன்ன பிறகு அந்தப் பார்வை நின்றுவிட்டது.

பிப்ரவரியில், நோன்பு தொடங்கும் முன், ஞானஸ்நானம். நீதான் ஞானத்தந்தை. தாத்தாவின் பெயர்தான், ஆனால் அதுவரை வாயால் சொல்லக் கூடாது. பயல் என்றே எழுது.

உன் அக்கா
எவாந்தியா

*

தெஸ்ஸலோனிக்கி
டிசம்பர் 4, ஞாயிறு, காலை 10.15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால் கேட்கப் போவதில்லை.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். மின்சார வரைபடம் மாதிரி இருக்கும், பயப்படாதே. மேலே உன் மாமனார், அவரிடமிருந்து ஒரு கோடு அத்தானுக்கு, அத்தானிடமிருந்து ஒரு கோடு பயலுக்கு. மேலே கறுப்பு வட்டம், கீழே கறுப்பு வட்டம். வழி தெரிந்துவிட்டது. புதிதாக முளைத்ததல்ல. ஆகவே கிட்னிப் பயம் இல்லை, ஸ்கேன் தேவையில்லை. கணவாயில் பனி கொட்டும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் பஸ்ஸில் வரவும் வேண்டாம்.

வலாவானிஸ் டாக்டர் ஜனவரி பாதி வரை ஊரில் இல்லை. அவரிடம் கேட்க இனி ஒன்றும் மிச்சமும் இல்லை.

பயலுக்கு அகல விளிம்புத் தொப்பி ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஞானத்தந்தையின் முதல் சீர் என்று வைத்துக்கொள். அத்தைக்கு என் நன்றியைச் சொல். அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நாம் வீணாக அலைந்திருப்போம்.

பெரிக்லிஸ்

*

கஸ்தானியா
1984 ஜனவரி 8

தம்பிக்கு,

புத்தாண்டு உனக்கு நல்லபடி பிறந்திருக்கட்டும். எங்களுக்குப் பனியோடு பிறந்தது. பத்து நாள் பஸ் இல்லை. உன் கடிதமும் தொப்பியும் மூன்றாம் தேதிதான் கைக்கு வந்தன.

பயல் சிரிக்கிறான். முகத்தைப் பார்த்து அல்ல, குரலைக் கேட்டு. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறேன், அந்த அரை இருட்டில் கண்ணை நன்றாகத் திறக்கிறான். எவ்வளவு பெரிய கண் தெரியுமா.

உன் படத்தை லாம்ப்ரோஸ் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். நடுவில் தன் வட்டம் மட்டும் வெள்ளையாக இருக்கிறதே என்று ஒரே கேலி. “எங்கப்பா கண்ணு என்னைத் தாண்டிக் குதிச்சிருக்கு. அந்த நேரம் பார்த்து நான் குனிஞ்சிருந்தேன் போல.” எல்லோரும் சிரித்தோம். மாமியார் மட்டும் கோழிகளைப் பார்க்க வேண்டுமென்று எழுந்து போனார்.

உனக்கு இன்னொன்று எழுத நினைத்தேன். இப்போது மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன், எதிரே மாமியார் பருப்பில் கல் பொறுக்குகிறார். பெரிதாக ஒன்றுமில்லை. விடு.

கழுத்தில் கம்பளி சுற்றாமல் வேலைக்குப் போகாதே.

எவாந்தியா

*

தெஸ்ஸலோனிக்கி
ஜனவரி 22, ஞாயிறு, மதியம் 1.05

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. நான் அனுப்பிய படம் தப்பு. சுவரிலிருந்து கிழித்துவிடு.

வலாவானிஸ் வந்துவிட்டார். படத்தைப் பெருமையாகக் காட்டினேன். நடு வட்டத்தில் விரலை வைத்து, “இவருக்கு இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “இது தாண்டிக் குதிக்கிற சமாச்சாரம் இல்லப்பா. தகப்பனுக்கு இல்லாம தாத்தாகிட்டேருந்து பேரனுக்கு வராது” என்றார். அத்தானின் கேலியைத்தான் நான் அறிவியல் என்று வரைந்து அனுப்பியிருக்கிறேன்.

ஆகவே தாத்தாவிடமிருந்து இது வரவில்லை. அத்தை ஆஸ்பத்திரியில் சொன்னது எதற்கும் உதவாது. ஒன்று, அவருக்குத் தன் புருஷன் கண் எப்படி இருந்தது என்பதே மறந்துபோயிருக்க வேண்டும். இல்லையென்றால் டாக்டர் முன்னால் பொய் சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் எது என்று அவரிடமே கேள். எதுவானாலும் பயலுக்கு உடனே ஸ்கேன் எடுத்தாக வேண்டும். முதல் பஸ்ஸில் கிளம்பு. இங்கே எல்லாம் பேசிவைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நவம்பரில் நான்கு கேள்வி கேட்டேன், மூன்றுக்குத்தான் பதில் வந்தது. நான்காவது என்ன ஆயிற்று?

பெரிக்லிஸ்

*

தெஸ்ஸலோனிக்கி
பிப்ரவரி 19, ஞாயிறு, காலை 9.30

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமா? இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரியவில்லை.

இருபத்தெட்டு நாளாகிறது. பனியா, கோபமா? போன சனிக்கிழமை பஸ் ஏறினேன். கதாரா கணவாயில் பனிச்சரிவு விழுந்திருக்கிறதென்று பாதி வழியில் திருப்பிவிட்டார்கள். சரி, பனிதான் என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாயன்று காபிக்கடைக்குப் போன் போட்டேன். லாம்ப்ரோஸ் ஆட்டுக் கொட்டகையில் இருக்கிறான் என்றார் கடைக்காரர். கூப்பிடுங்கள், காத்திருக்கிறேன் என்றேன். “கூப்பிட்டாச்சு தம்பி. அவன் கொட்டகையிலயே இருக்கேன்னுட்டான்.” அப்படியானால் கோபமா? என் கடிதம் வந்ததா, வரவில்லையா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

லிஃப்ட் நின்றால் ஏன் நின்றது என்று அரை மணியில் சொல்லிவிடுவேன். இது எங்கே நின்றிருக்கிறது என்று புரியவில்லை. போன கடிதத்தின் நகலை எடுத்துப் படித்தேன். தகவல் எல்லாம் சரியாக இருக்கிறது. பிறகு எது தப்பு?

பிப்ரவரியில் ஞானஸ்நானம் என்றாய், மிச்சம் ஒரு ஞாயிறுதான் இருக்கிறது. நான் எப்போது வர வேண்டும்?

பெரிக்லிஸ்

*

கஸ்தானியா
மார்ச் 4

திரு. பெரிக்லிஸுக்கு,

நாங்கள் நலம்.

உங்கள் ஜனவரிக் கடிதம் பிப்ரவரி இரண்டாம் தேதி வந்தது. இந்த வீட்டில் கடிதத்தை மேசையில் வைத்து உரக்கப் படிப்போம் என்று உங்களுக்குத் தெரியும். என் வாயால்தான் படித்தேன். என் அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். நடுவில் நிறுத்த எனக்குத் தோன்றவில்லை, அடுத்த வரியில் என்ன இருக்கும் என்று தெரியாதே. அம்மா முழுவதையும் கேட்டுவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மேசைக்கு வந்து சாப்பிடுவதில்லை.

போன ஞாயிறு என் மகனுக்கு ஸ்டெர்யோஸ் என்று பெயரிட்டோம். பக்கத்து ஊர் மரத் தச்சர் ஞானத்தந்தையாக நின்றார். என் அப்பாவின் கண்தான் என் மகனுடையது. அதைச் சோதிக்க எந்த எந்திரமும் வேண்டாம்.

எவாந்தியா எழுத மாட்டாள். நான் தடுக்கவில்லை, அவளேதான்.

லாம்ப்ரோஸ்

*

தெஸ்ஸலோனிக்கி
மார்ச் 11, ஞாயிறு, மாலை 4.20

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இது ஐந்தாவது தாள். நான்கைக் கிழித்துப் போட்டேன்.

ஸ்டெர்யோஸ் நீடூழி வாழட்டும். தச்சருக்கும் என் வாழ்த்து.

அக்காவுக்கு மட்டும் எழுதுகிறேன் என்று நினைத்து எழுதியதல்ல அது. மேசையில் படிப்பீர்கள் என்று தெரியும். தெரிந்தும் எழுதும்போது மேசையில் யார் இருப்பார்கள் என்று யோசிக்கவில்லை. இதை மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதத்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அத்தையின் காலில் விழச் சொன்னால் விழுகிறேன்.

என்னைத் திட்டுங்கள், என் கடிதங்களை அடுப்பில் போடுங்கள். குழந்தையை மட்டும் கொண்டுவாருங்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. வயிற்றில் ஏதோ பசை தடவி இருபது நிமிடம் பார்ப்பார்கள். ஒன்றுமில்லை என்று வந்தால் நான் முட்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்லுங்கள். எனக்கும் அதுதான் வேண்டும்.

பெரிக்லிஸ்

*

கஸ்தானியா
மார்ச் 25

பெரிக்லிஸுக்கு டெஸ்பினா அத்தை எழுதுவது.

சுகமாக இரு. நான் மூன்று வருசம்தான் பள்ளிக்கூடம் போனேன், எழுத்து கோணலாக இருக்கும். எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். முட்டி வலி என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் சுண்ணாம்புச் சூளையில் வேலை பார்த்தவர். லாம்ப்ரோஸ் பிறப்பதற்கு இரண்டு வருசம் முன்னால் சுண்ணாம்பு கொதித்துக் கண்ணில் தெறித்தது. அவர் கண் வெள்ளையாகப் போனது. கருப்பு இல்லை, வெள்ளை. பார்க்கிறவர்கள் பயப்படக் கூடாதென்று கண்ணாடியைக் கழற்ற மாட்டார். அப்புறம்தான் இந்த ஊருக்கு வந்தோம். மகனுக்குக் கண்ணாடிதான் தெரியும். அதற்குப் பின்னால் இருந்தது தெரியாது.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்டாய். எனக்கு முதலில் ஒரு பெண் பிறந்தாள், உதடு பிளந்து. இது பெண் வீட்டிலிருந்து வந்த சீர் என்று என் காதுபடச் சொன்னார்கள். நாற்பது நாள் இருந்தாள். உன் அக்காவை அவர்கள் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். அதனால் கண்ணை எடுத்து என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். செத்தவருக்கு அதனால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

கிட்னி சமாச்சாரம் அப்போது தெரியாது. உன் முதல் கடிதத்தை வாசித்தபோதுதான் கேட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. அடுத்த கடிதத்தில் நீ தேவையில்லை என்று எழுதினாய். படித்த பையன் சொன்னால் சரியாக இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நேற்று லாம்ப்ரோஸிடம், குழந்தையைத் தெஸ்ஸலோனிக்கிக்குக் கொண்டுபோ என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். கனவு கண்டேன் என்றேன். கனவு என்றால் கேட்பான்.

டாக்டருக்கு உண்மையைச் சொல். என் மகனுக்கும் உன் அக்காவுக்கும் நான் இன்னும் சொல்லவில்லை. அதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

*

கஸ்தானியா
மார்ச் 28

தம்பிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். திங்கட்கிழமை பஸ்ஸில் நாங்கள் மூவரும் வருகிறோம். இதைப் பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமியார் கனவு கண்டாராம். ஏழு வாரமாக உன் பெயரைச் சொன்னாலே எழுந்து போகிறவர், இப்போது உனக்காக நோன்புக்கு ஏற்றபடி வெண்ணெய் இல்லாமல் லீக்ஸ் வெங்காயத்தாள் அடை செய்து தருவதாகச் சொல்கிறார். லாம்ப்ரோஸ் இன்னும் உன் மேல் கோபமாகத்தான் இருக்கிறார், ஆனால் பஸ் நேரத்தை இரண்டு தடவை விசாரித்துவிட்டார். யார் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

உன் நான்காவது கேள்வி. இதை மாடியில் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயலுக்கு ஒரு பக்கம் விதை கீழே இறங்கவில்லை. பிறந்த அன்றே பார்த்தேன். கண்ணுக்கே அவ்வளவு பார்வை பார்த்தார்கள், உன் பதிலில் இதையும் லாம்ப்ரோஸ் மேசையில் தன் வாயால் படிக்க வேண்டுமா என்றுதான் விட்டுவிட்டேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது, இல்லையா? இல்லை என்று சொல்.

இன்னொன்று. கொஞ்ச நாளாக அவனைக் குளிப்பாட்டும்போது வயிற்றின் இடது பக்கம் கையில் ஏதோ தட்டுப்படுகிற மாதிரி இருக்கிறது. சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

எவாந்தியா

*

தெஸ்ஸலோனிக்கி
ஏப்ரல் 8, ஞாயிறு, காலை 7.10

மரியாதைக்குரிய டெஸ்பினா அத்தைக்கு,

வணக்கம். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது?

செவ்வாயன்று ஸ்கேன் எடுத்தார்கள். இடது கிட்னியில் கட்டி இருக்கிறது, சின்ன அத்திக்காய் அளவு. வலது பக்கம் சுத்தம். நெஞ்சிலும் ஒன்றும் இல்லை. ஆரம்ப நிலை, இப்படிப்பட்ட குழந்தைகளில் நிறையப் பேர் பிழைக்கிறார்கள் என்று பெரிய டாக்டர் சொன்னார். நிறையப் பேர் என்றால் எத்தனை என்று கேட்டேன். பத்துக்கு எட்டு, ஒன்பது என்றார். மற்ற ஒன்றிரண்டைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது எனக்கே புதிது.

நீங்கள் சொன்னதை அவரிடம் தனியாகச் சொல்லிவிட்டேன். தாத்தாவின் கண் வேறு, இது புதிதாக வந்தது என்று குறித்துக்கொண்டார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. டிசம்பரிலேயே எடுத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு வார்டில், அக்காவும் அத்தானும் இருக்கும்போது, “இதை ஏன் முன்னாடியே கொண்டு வரல?” என்று இன்னொரு டாக்டர் கேட்டார். அக்கா, “குழந்தையோட தாத்தாவுக்கு…” என்று தொடங்கினாள். நான் குறுக்கிட்டேன்.

“நான்தான் வேண்டாம்னு எழுதினேன் டாக்டர். என் கணக்கு தப்பு.”

அத்தான் என்னைப் பார்த்தார். “ஆமா, நீதான் எழுதினே” என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் பேசவில்லை. நேற்றுக் காலை வராந்தாவில் உங்கள் அடையில் கடைசித் துண்டைப் பாதியாகப் பிய்த்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டேன்.

பயல் நன்றாக இருக்கிறான். இங்கே ஜன்னல் பெரிது, வெளிச்சம் அதிகம். நர்ஸ் ஒருத்தி அவன் கட்டிலைச் சுற்றித் துணி கட்டியிருக்கிறாள். உள்ளே கண்ணை அகலத் திறந்துகொண்டு கிடக்கிறான். குரல் கேட்டால் திரும்புகிறான்.

இனி நான் செய்யப் போவது:

1. நாளை மறுநாள் காலை எட்டு மணிக்கு அறுவை. ஆறு மணிக்கே அங்கே இருப்பேன். மூன்று மணி நேரம் ஆகுமாம்.

2. முடிந்ததும் உங்களுக்குத் தந்தி. நல்லதோ கெட்டதோ, கூட்டாமல் குறைக்காமல்.

3. அதற்குப் பிறகு ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும். அதுவரை அக்காவும் பயலும் என் அறையில் இருப்பார்கள். நான் லிஃப்ட் கம்பெனிக் கிடங்கில் படுத்துக்கொள்வேன், முதலாளியிடம் கேட்டாகிவிட்டது.

4. உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். மகனிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். நான் அவசரப்படுத்த மாட்டேன்.

5. டிசம்பர் ஏன் வீணானது என்று அக்கா கேட்டாலும், அத்தான் கேட்டாலும், ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஊர் கேட்டாலும், என் கணக்கு தப்பு என்பேன். யாராவது உங்களைக் கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள்.

பெரிக்லிஸ்